இரண்டாவது கையெழுத்து யூசுப் அண்ணனுடையது

செய்தி வந்தபோது நான் பொத்தேரியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில், முன்பக்கம் நசுங்கிப்போன கார் ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர் உத்தியோகம் எனக்கு. அடிபட்ட வண்டியைப் பார்த்து, எங்கே இடித்தது, எப்படி இடித்தது, ஓட்டியவர் சொல்வது பொருந்துகிறதா என்று அறிக்கை எழுதித் தருவது வேலை. காரின் சொந்தக்காரர், மாடு குறுக்கே வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பம்பரில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்ட் வேறு கதை சொன்னது. அப்போதுதான் எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் யூசுப் அண்ணனின் மகள் நஸ்ரீன் எழுதியதைப் பார்த்தேன். “எங்க அத்தா இன்னைக்கு காலைல வஃபாத் ஆயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் நல்லடக்கம். எல்லாரும் துஆ செய்ங்க.”

மீதிப் படங்களையும் எடுத்து முடித்தேன். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டேன். பிறகுதான் பைக்கை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் பக்கம் திரும்பினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கை பழகிய வேலையைச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். வண்டலூர் தாண்டியபோதுதான் செய்தி உறைத்தது. ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன்.

யூசுப் அண்ணனைத் தெரிந்தவர்கள் தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை நிறையப் பேர். வேலையில் இருந்தவரை எலக்ட்ரிக் டிரெயின் டிரைவர். ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு சைக்கிள் ஓட்டியவர். அவரைப் பற்றி நல்லது சொல்ல ஆள் குறைவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பெயர் கெட்டிருந்தது. மூன்று வருடம் முன்னால் அடையாற்றங்கரைப் பாதையில் ஸ்டெல்லா விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட விபத்துக்கு அவர்தான் காரணம் என்று எங்கள் குழுவில் எல்லாரும் நம்புகிறார்கள். பாதையைப் பார்க்காமலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் என்பது பேச்சு. அது தவறு. அது தவறு என்பதை அவர் இறக்கும் வரை அறிந்திருந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் போய்விட்டார். இதை எழுதுவது அதற்காகத்தான். மற்றதெல்லாம் கூடச் சேர்ந்து வருவது.

எங்களுடையது பெரிய குழு இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், டாக்டர் சொல்லி சைக்கிள் வாங்கியவர்கள். ஞாயிறு விடியற்காலை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் கூடி, வண்டிகள் பெருகும் முன் ஊரைத் தாண்டிவிடுவோம். மெயின் ரோட்டில் லாரிக்குப் பயந்து ஓட்டுவதில் யாருக்கும் இஷ்டமில்லை. அதனால் ஆற்றை ஒட்டிப் போகும் சாலைகளாகத் தேடுவோம். அங்கே ஏற்ற இறக்கம் குறைவு, கனரக வண்டி குறைவு, நிழல் உண்டு. செங்கல்பட்டிலிருந்து பாலூர், பழைய சீவரம் வழியாகப் பாலாற்றோடு போகும் தார்ச் சாலை எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கம் குன்று, மறு பக்கம் வயல், வயலுக்கு அப்பால் மணலாகக் கிடக்கும் ஆறு. அந்த வழியைக் கண்டுபிடித்தவன் நான் என்று எனக்கொரு நினைப்பு இருந்தது. யூசுப் அண்ணன் குழுவில் சேர்ந்த முதல் வாரமே அதைக் கலைத்துவிட்டார்.

“இன்னா மோகன், அந்த ரோடு உனக்குத் தெரியுமா?” என்று டீக்கடையில் கேட்டார்.

“தெரியும்ணா. போன மாசம் போனேன்.”

“எத்தினி வாட்டி?”

“ஒரு வாட்டி.”

“ஒரு வாட்டி போனா, பாத்துக்கினு வந்தேன்னு சொல்லு. தெரியும்னு சொல்லாதே.”

எனக்குச் சுருக்கென்றது. தொப்பையைக் குறைக்க வந்த இடத்தில் இதென்ன பரீட்சை என்று தோன்றியது. அவர் சர்க்கரை கம்மியாகப் போட்ட டீயை ஊதிக்கொண்டே விளக்கினார். ரயில்வேயில் எவ்வளவு அனுபவம் உள்ள டிரைவரானாலும் புதுத் தடத்தில் உடனே வண்டியைக் கொடுத்துவிட மாட்டார்களாம். தடம் தெரிந்த டிரைவரோடு எஞ்சினில் நின்று மூன்று முறை போய்வர வேண்டும், அதில் ஒரு முறை இருட்டில். சிக்னல் எங்கே, வளைவு எங்கே, கேட் எங்கே என்று மனதில் ஏற்றிக்கொண்டு, இந்தத் தடம் எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சோதிக்கும் அதிகாரி கீழே இரண்டாவது கையெழுத்துப் போடுவார். மூன்று மாதம் அந்தப் பக்கம் போகாவிட்டால் தெரிந்தது எல்லாம் கணக்கில் வராது, மறுபடி கற்க வேண்டும். ரோடு லேர்னிங் என்று இதற்குப் பெயர்.

“தண்டவாளமே வழி காட்டிக்கினு போவுது. அதுக்கே இம்மாம் கண்டிஷன். உன் சைக்கிளுக்குத் தண்டவாளமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல,” என்றார்.

அடுத்த ஞாயிறே நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பக்கம். குழுவை முன்னால் நின்று கூட்டிப் போகிறவர் தன் மூன்று பயணங்களின் நாளையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர் கேள்வி கேட்டுவிட்டு இரண்டாவது கையெழுத்துப் போடுவார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் கையெழுத்து இல்லாத வழியில் அவர் வரமாட்டார், அவர் வராவிட்டால் பஞ்சர் ஒட்ட ஆளில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம்.

அவர் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கெங்கே நாய், ஒருவர் விழுந்தால் எந்த இடத்தில் மெயின் ரோட்டுக்கு ஏறலாம். ஆறு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஸ்டெல்லா பாலாற்று வழிக்குக் கையெழுத்து வாங்க வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸ்டெல்லா சிட்லபாக்கத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். எங்கள் எல்லாரையும் விட வேகமாக ஓட்டுவார்.

“பாலூர் தாண்டி எத்தினி நாய்?”

“நாலுண்ணா.”

“அதுல எது கடிக்கும்?”

“கறுப்பு.”

“தப்பு. கறுப்பு சும்மா கொலைக்கும். அது பின்னால சத்தமே போடாம ஒரு செவலை வருது பாரு, அதான் கடிக்கும். இன்னொரு வாட்டி போய்ட்டு வா.”

ஸ்டெல்லா முகம் சிவக்கப் போனார். மறு வாரம் வந்து, “அண்ணா, செவலைக்கு மூணு நாளா பிஸ்கட் போட்டுட்டேன். இப்ப அதுவும் கடிக்காது, எழுதிக்கோங்க,” என்றார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவரிடம் வாதம் செய்து ஜெயித்த ஒரே ஆள் ஸ்டெல்லாதான். அந்த உரிமையில் அவருடைய டீயில் சர்க்கரை போடச் சொல்லிக் கடைக்காரரிடம் ஜாடை காட்டுவதும் உண்டு. அவரும் தெரியாததுபோல் குடிப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆற்றோர வழிகள் மேல் என்ன ஆசை என்று ஒரு முறை கேட்டேன். மண்ணிவாக்கம் பக்கம் நாங்கள் இருவர் மட்டும் அடையாறு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடிப் போன நாள் அது. வழி கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு ஏரியைக் காட்டினார்கள். ஒரு கல்வெர்ட்டில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றோம்.

“சைதாப்பேட்டை பாலத்து மேல ஒரு நாளைக்கு நாலு வாட்டி போவேன். வண்டிச் சத்தம் மாறும். கொஞ்ச நேரம் கணகணன்னு கேக்கும், அப்பறம் பழையபடி ஆயிடும். அவ்ளோதான் எனக்கு ஆறு. திரும்பிப் பாக்கக் கூடாது, முன்னால சிக்னல் கீது,” என்றார். “ரிட்டயர் ஆன அன்னிக்கே முடிவு பண்ணேன். இத்த கீழ போய்ப் பாக்கணும்னு.”

அப்படி ஆசைப்பட்டவர், போன இடத்திலும் ஆற்றை விட ரோட்டைத்தான் அதிகம் பார்த்தார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் சைக்கிளைத் தொடாமல் இருந்துவிட்டு ஒரு ஞாயிறு திரும்பி வந்தார். அன்றைக்குப் பாலாற்று வழி. செங்கல்பட்டு வரை முன்னால் வந்தவர், பாலூருக்குத் திரும்பும் இடத்தில் சைக்கிளை ஓரம் கட்டினார்.

“நாலு மாசம் ஆச்சு. எனக்கு இந்த ரோடு தெரியாது.”

“கண்ணைக் கட்டிவிட்டாலே போவீங்கண்ணா,” என்றேன்.

“கண்ணக் கட்டிக்கினு போறவன் பின்னால நீ வருவியா?”

ஸ்டெல்லாவை முன்னால் விட்டுவிட்டுக் கடைசி ஆளாக வந்தார். திருமுக்கூடலில் நாங்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் சாலையோரத்தில் புதிதாக விழுந்திருந்த குழி ஒன்றைச் செருப்பால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஆறு சேரும் இடத்துக்கு வந்தும் மனிதர் குழியைப் பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சொல்லியும் விட்டேன்.

“ஆறு எங்கியும் போவாது மோகன். ரோடுதான் ராவோட ராவா மாறிடும்,” என்றார்.

இனி அந்தக் கரைப் பாதை. திருநீர்மலைப் பக்கத்திலிருந்து அனகாபுத்தூரை நோக்கி அடையாற்றின் கரை மேல் ஒரு துண்டுப் பாதை, பேவர் பிளாக் கல் பதித்தது. மூன்று சைக்கிள் சேர்ந்து போகலாம். ஒரு பக்கம் ஆற்றுச் சரிவில் ஆகாயத்தாமரை, மறு பக்கம் வீடுகளின் பின்சுவர்கள். சில வீடுகளில் தறிச் சத்தம் கேட்கும். இந்த வழியைக் குழுவுக்குக் கொண்டுவந்தது நிஜமாகவே நான். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஓர் ஆற்றோரப் பாதை என்றால் யாருக்கு ஆசை வராது? இரண்டு முறை பகலில் போய்வந்தேன். மூன்றாவது பயணம் இருட்டில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை விடியற்காலை என்று வைத்துக்கொண்டேன். செவ்வாயும் புதனும் விடாத மழை. வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. நான்கு மணிக்கு அலாரம் அடித்தது. அதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுத்தேன். போகாததற்கு இதற்கு மேல் காரணம் ஒன்றும் கிடையாது.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போய் நோட்டை வாங்கி மூன்று பயணங்களையும் எழுதினேன். மூன்றாவதற்கு நேரே வியாழன், காலை நாலரை என்று எழுதினேன். இரண்டு முறை பார்த்த இடம், மூன்றாவது முறை புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்ற திமிர். அன்றைக்கு நஸ்ரீனைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். அண்ணன் என்னை வாசல் பக்கம் கூட்டிவந்து, “தண்ணி எங்க…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“உன்னியப் போய் இன்னா கேக்கறது? ஊரான் சொல்ற பொய்யையே கண்டுபுடிச்சி எழுதறவன் நீ,” என்று சொல்லிவிட்டுக் கதவில் நோட்டை வைத்து இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். அவர் ஒரு பக்கத்தில் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டது அந்த ஒரு முறைதான். உள்ளேயிருந்து எனக்கு ஒரு தட்டு பிரியாணி வந்தது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு காலை எட்டுப் பேர் போனோம். நான் முன்னால், எனக்குப் பின்னால் ஸ்டெல்லா, கடைசியில் யூசுப் அண்ணன். ஒரு மதகு தாண்டியதும் பாதை வளைகிறது. அங்கே மேலே கல் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தது. அடியில் இருந்த மண்ணை மழை கொண்டுபோயிருந்தது. நான் வீட்டுச் சுவர்ப் பக்கமாகப் போய்க் கடந்துவிட்டேன். என்னை முந்துவதற்காக ஸ்டெல்லா ஆற்றுப் பக்கம் ஒதுங்கினார். கற்கள் அவரோடு சேர்ந்து சரிந்து இறங்கின. ஒரு ஆள் உயரம் இருக்கும்.

அண்ணன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுச் சரிவில் இறங்கினார். ஸ்டெல்லா நர்ஸ் அல்லவா, வலியிலும், “மணிக்கட்டு போச்சுண்ணா. அசையாம ஏதாச்சும் வச்சுக் கட்டுங்க,” என்று அவரே சொன்னார். அண்ணன் தன் துண்டைக் கிழித்து, சைக்கிள் பம்ப்பை வைத்துக் கட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, “எங்க ஏறி ரோட்டுக்குப் போறது?” என்றார். சனிக்கிழமை கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி அது. எனக்குத் தெரியவில்லை. இரண்டு முறை வந்தும் அதை நான் பார்த்து வைக்கவில்லை. அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. தறிச் சத்தம் வந்த ஒரு வீட்டின் பின்கதவைப் போய்த் தட்டினார். திறந்த அம்மாள் ஸ்டெல்லாவின் கையைப் பார்த்ததும் ஒன்றும் விசாரிக்காமல், “பாவு நூல்ல படாம வாங்க,” என்று தறி இருந்த அறை வழியாகவே எங்களை முன்தெருவுக்குக் கூட்டிப்போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவின் கணவர் ஜெரால்ட் வந்ததும் கேட்டது ஒன்றுதான். “யாரு சார் இந்த ரூட்டை ஓகே பண்ணது?”

“நான்தான். பாக்காம கையெழுத்துப் போட்டேன்,” என்றார் யூசுப் அண்ணன்.

அது உண்மைதான். ஆனால் அவர் சோதித்துப் பார்க்காமல் விட்டது என்னை. கேட்டவர்கள் எல்லாரும் பாதையை என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெரால்ட் அந்த வராந்தாவில் வைத்து அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத விரும்பவில்லை. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இரண்டு கையிலும் ஹெல்மெட்டோடு நின்றிருந்தேன். குழுவில் ஒருவர் என்னிடம், “வியாழக்கிழமை நீங்க பாக்கறப்ப எப்படி இருந்துச்சு?” என்றார். “நல்லாத்தான் இருந்துச்சு,” என்றேன். தினமும் வண்டிக்காரர்களிடம் நான் கேட்கிற மாதிரியான பொய். அதோடு தீர்ந்தது. மழைக்குப் பிறகு பெரியவர் ஒரு முறை போய்ப் பார்த்திருக்க வேண்டாமா என்று எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள்.

அடுத்த வாரம் அவர் தனியாக அந்தக் கரைக்கு மூன்று நாள் போய்வந்தார் என்று நஸ்ரீன் சொன்னாள். பிறகு என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

“வியாழக்கெழம நாலரைக்குப் போனியே, அந்த மதகு கிட்ட லைட்டு எரிஞ்சிதா?”

“எரிஞ்சுதுண்ணா.”

“சரி,” என்றார். டீயை முடித்துவிட்டுக் கிளம்பினார். மதகுக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பமே கிடையாது. அதை நான் பிறகு போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஞாயிறு சிக்னலில் எல்லார் முன்னாலும் நோட்டை என்னிடம் நீட்டி, “இனிமே ரெண்டாவது கையெழுத்து மோகன் போடுவான்,” என்றார். வயதாகிவிட்டது, விலகிக்கொள்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சிலர் கைகூடத் தட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்துகொண்டே இந்த மனிதர் என் கையில் இதைத் திணிக்கிறாரே என்று இருந்தது. தண்டனையா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேள்வி கேட்காமல் நான் ஒரு கையெழுத்தும் போட்டதில்லை என்பது மட்டும் நிஜம்.

ஸ்டெல்லாவின் கையில் பிளேட் வைத்தார்கள். மறுபடி சைக்கிளில் ஏற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்தவர் எங்கள் எல்லாரோடும் பழையபடி பேசினார், யூசுப் அண்ணனைத் தவிர. அவர், “இன்னா ஸ்டெல்லா,” என்றால் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிப்பார். “ஒரு நாய்க்காக என்னை மறுபடி அனுப்பினாரு சார். எட்டுப் பேர் போற கரையைப் பாக்காம விட்டுட்டாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல,” என்று என்னிடமே சொன்னார். நான் தலையாட்டினேன். இதை எழுதும்போது அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றையும் விட அசிங்கமாகப் படுகிறது.

போன வருடம் பாலாற்று வழியில் நானும் யூசுப் அண்ணனும் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தோம். மற்றவர்கள் பழைய சீவரம் வளைவைத் தாண்டிவிட்டிருந்தார்கள். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

“அண்ணா, அந்த வியாழக்கிழமை நான் போகலை.”

“தெரியும்.”

ஒரு குழியைச் சுற்றி ஒதுங்கிப்போய் மறுபடி என் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

“ஸ்டெல்லா கிட்ட சொன்னியா?”

“இல்லண்ணா.”

“அப்ப என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே? கை ஒடஞ்சது எனக்கா?”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணா. இத்தனை பேர் உங்களைத்தானே பேசறாங்க?”

“ரெண்டாவது கையெழுத்து என்து. அதுக்கு நான் பதில் சொல்லிட்டேன்,” என்றார். “மொதக் கையெழுத்துக்கு நான் எப்டிப்பா பதில் சொல்றது?”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், கிறிஸ்துமஸ் போகட்டும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சொல்லாமல் இருப்பது ஒரு கட்டத்தில் பழகிவிடுகிறது.

செய்தி வந்த அன்றைக்கு நான் ராஜகீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுத் தெரு முழுக்க ஆட்கள். விடியற்காலைத் தொழுகை முடித்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். கேட்டுக்கு வெளியே ஸ்டெல்லா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

“கடைசி வரைக்கும் பேசலை சார். போன வாரம்கூட சிக்னல்ல கையைக் காட்டினாரு. நான் பாக்காத மாதிரி நின்னுட்டேன். அவரோட தப்பை நான் மன்னிச்சிருக்கலாம்ல?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தூக் பெட்டியைத் தூக்கியபோது கொஞ்ச தூரம் நானும் தோள் கொடுத்தேன். கபர்ஸ்தானில் மூன்று கைப்பிடி மண் போட்டேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மிச்சமிருந்த பொத்தேரி கார் அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். மாடு வந்தது என்று கார்க்காரர் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியவில்லை.

மறுநாள் காலை சிட்லபாக்கம் கிளினிக்குக்குப் போனேன். ஸ்டெல்லா ஊசி போடும் அறையில் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அலாரத்தை நிறுத்தியது முதல் ஒன்றையும் விடவில்லை.

“வியாழக்கிழமை போயிருந்தா அது தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சிருக்கும். மெதுவாப் போய் டார்ச் அடிச்சுப் பாத்திருந்தா, கரைச் சரிவுல மண்ணு போனது கண்ணுல பட்டிருக்கும்.”

“அண்ணனுக்கு இது தெரியுமா?”

“தெரியும். அடுத்த வாரமே கண்டுபிடிச்சிட்டார்.”

ஸ்டெல்லா மேஜை மேல் இருந்த பஞ்சுச் சுருளை எடுத்து, தேவையே இல்லாமல் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“என்கிட்ட கேக்காதீங்க சார். என் கை சரியாயிடுச்சு. அவர்கிட்ட நான் பேசாம இருந்தேனே, அதை யாரு சரி பண்றது?” என்றார். கோபத்தில் குரல் உடைந்தது. “இதை என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்னு பாக்காதீங்க. அவரைத் தப்பா நினைச்ச எல்லாருக்கும் எழுதுங்க. உங்க பேரைப் போட்டு எழுதுங்க. இப்ப போங்க, வெளிய பேஷன்ட் இருக்காங்க.”

நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிக் கேட்கும் தகுதியும் எனக்கில்லை.

இப்படி எழுதும்போது, போனவரிடமிருந்து தனக்கென்று எதை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முடிப்பது வழக்கம். பஞ்சர் ஒட்டும் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி நஸ்ரீன் நீட்டினாள். வேண்டாம் என்றேன். குழுவில் இருக்கும் உங்களிடமிருந்து நான் கேட்டு வாங்கிக்கொள்வது வேறொன்று. அனகாபுத்தூர்க் கரையில் அந்த வளைவுக்கு நம் குழுவில் ஒரு பெயரே வந்துவிட்டது: யூசுப் பாக்காம விட்ட இடம். மூன்று வருடம் அவர் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே நம் பின்னால் சைக்கிள் ஓட்டி வந்தார். அந்தத் தவறு என்னுடையது, அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள். இனி அந்த வளைவைத் தாண்டும்போது, மோகன் பொய் எழுதின இடம் என்று சொல்லுங்கள்.